கோவை – சென்னை: வானவழித் தூரமும் பயண நேரமும்

பவானி வட்டாரத்தில் உள்ள ஜமக்காள நெசவாளர் சங்கமொன்றின் பேரவைக் கூட்டத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். வரவு செலவு படிக்கப்பட்டபோது, நிர்வாகக் குழுவினர் இருவர் விமானத்தில் சென்னை சென்ற செலவைக் குறித்து முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து வினவினார்.

"ஒரு மணி நேரப் பயணம், ஐயா. சங்கத்தின் பொழுதை மிச்சப்படுத்தினோம்" என்றார் தலைவர். அவர் நாணயமானவர்; அறிந்து பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் கணக்கு முழுமையானதா என்பதே கேள்வி.

பெரியவர் விடவில்லை. "தறியில் நாடா ஓடும் நேரம் மட்டுமா நெசவு? பாவு ஓட்டுவதும் அச்சுப் பிணைப்பதும் தார் சுற்றுவதும் யார் கணக்கில் சேரும்?" என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. நாம் தாளும் பென்சிலும் கேட்டு வாங்கினோம்.

பீளமேட்டிலுள்ள கோவை விமான நிலையத்திற்கும் மீனம்பாக்கத்திற்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும். அரை மணியில் சென்று சேர வேண்டுமன்றோ? கால அட்டவணையோ 1 மணி 10 நிமிட அளவில் காட்டுகிறது. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையுள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்க முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடங்கும். குறுகிய வழியாதலின் முழு வேகத்தில் பறக்கும் நேரம் சிறிதே.

இனி வீட்டு வாசலிலிருந்து எண்ணுவோம். சென்னை வடகிழக்கே இருக்க, பவானியார் முதலில் மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் செல்லவேண்டும். அதற்கு 2 மணி. நிலையத்தில் முன்கூட்டி இருக்கவேண்டியது 2 மணி. விமானத்தில் 1 மணி 10 நிமிடம். மீனம்பாக்கத்தில் பெட்டி பெற்று நகருக்குள் செல்ல 1 மணி. ஆக 6 மணி 10 நிமிடம்.

இரயிலில் எவ்வளவு? 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் வண்டி ஈரோட்டிலும் நிற்கிறது. பவானியிலிருந்து ஈரோடு சென்று வண்டியேற 1 மணி. ஈரோட்டிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ நாலரை மணி. அங்கிருந்து செல்லுமிடம் அரை மணி. ஆக 6 மணி. மிச்சமான பொழுது ஒன்றுமில்லை, கட்டணந்தான் மிகுதி.

இதனால் விமானமே வீண் என்று நாம் கூறவில்லை. பீளமேட்டுக்கு அருகில் குடியிருப்பவருக்கு இதே வழியில் இரண்டு மணிக்கு மேல் மிச்சமாகும். சத்தியமங்கலத்து மல்லிகை கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு வானவழியே செல்கிறது. காலையில் பறித்த பூ வாடுமுன் கடல் கடக்க வேறு வழியில்லை. அங்கே கொடுக்கும் கட்டணத்திற்குப் பலன் உண்டு. வண்டியின் வேகம் ஒன்று. அது நம் வாசலுக்குத் தரும் பயன் வேறொன்று.

கணக்கைக் கண்ட தலைவர் தாமே எழுந்து ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார்: வெளியூர்ப் பயணச் செலவு எதுவாயினும், வாசல் முதல் வாசல் வரையுள்ள நேரத்தையும் மாற்று வழியின் நேரத்தையும் எழுதி இணைத்த பின்னரே குழு அனுமதிக்க வேண்டும். பெரியவர் வழிமொழிந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து நாடாவைக் கைமாற்றி நெய்த கூலியிலிருந்து சேர்ந்ததே சங்கத்தின் பணம். பிற சங்கத்தாரும் இத்தீர்மானத்தைத் தத்தம் குழுவில் வைத்து ஆராய்வார்களாக.