கடைசி ஸஃப்பில் நிற்கும் வாப்பாமார்

எங்கள் வாப்பா முன் ஸஃப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். அறுபத்தெட்டு வயதில் திடீரென்று கடைசி ஸஃப்புக்கு, அதுவும் கதவோரத்துக்கு மாறினார். "காத்துப் படும்" என்றார், நாங்களும் நம்பினோம். அந்த றமழானில் தராவீஹுக்கே போகவில்லை.

கடைசியில் ஒரு தடிமலோடுதான் விஷயம் வெளியே வந்தது. பாமசியில் வாங்கிய குளிசையைக் குடித்துவிட்டுப் படுத்தவர், நடுச்சாமத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சலம் ஒரு சொட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ரியூப் போட்டதும் ஒரு லீற்றருக்குக் கிட்ட இறங்கியது. "எவ்வளவு நாளா இந்தக் கரைச்சல்?" என்று டொக்டர் கேட்டார். வாப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "மூணு வருஷமிருக்கும்" என்றார்.

அந்த மூன்று வருடமும் உள்ளே நடந்தது பெரிய மர்மமல்ல. சலப்பையின் அடியில், சலம் வரும் குழாயைச் சுற்றி, இளவயதில் இருபது கிராம் அளவேயான ஒரு சுரப்பி இருக்கிறது: புறொஸ்டேட். பாடப்புத்தகத்தில் 'முன்னிற்கும் சுரப்பி'. கிரேக்கச் சொல்லின் பொருளும் முன்னால் நிற்பது என்பதே. (தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இப்படியான மொழிபெயர்ப்பில் ஒரு சந்தோஷம்.) நாற்பதைத் தாண்ட அது மெல்ல வளரத் தொடங்கும். அறுபது வயதில் ஏறக்குறையப் பாதி ஆண்களுக்கு வளர்ந்திருக்கும். குழாய் நெருக்குப்பட, சலப்பை முக்கித் தள்ள வேண்டிவரும். சலம் தொடங்கத் தாமதம், மெலிந்த தாரை, போய்வந்த பிறகும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு, இரவில் மூன்று நான்கு தடவை எழும்புதல் எல்லாம் இதனால்தான். தடிமல் குளிசைகள் சில சலப்பைத் தசையைச் சோர வைக்கும். மூக்கடைப்புக்குத் தருகிற சில, சலவாயிலை இறுக்கும். வாப்பாவுக்கு அன்று நடந்தது அதுதான்.

இந்த வீக்கம் புற்றுநோயல்ல, புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆனால் இரண்டும் ஒருவரிலேயே இருக்கலாம் என்பதால் டொக்டர் பின்வழியாக விரலால் பார்ப்பார். ஒரு நிமிஷ வேலை. நம்மவர்கள் இதற்குப் பயந்தே கிளினிக்குக்குப் போவதில்லை. சீனியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிறையப் போனால் சீனி வருத்தமாகவும் இருக்கலாம். டாம்சுலோசின் சில நாட்களில் சுகம் தரும், ஆனால் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். ஃபினாஸ்டெரைட் சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் வரை எடுக்கும். மருந்துக்கு மசியாவிட்டால் வயிற்றைக் கீறாமல் சலவழியாலேயே செய்கிற சத்திரசிகிச்சை உண்டு. வாப்பாவுக்கு மருந்தே போதுமாயிற்று.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. பயந்து பகலெல்லாம் தண்ணீரைக் குறைப்பது பிழை. படுப்பதற்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தினால் போதும். பிளேன்டியும் கோப்பியும் சலப்பையைத் தூண்டும். தராவீஹ் முடிந்து குடிக்கிற அந்தக் கடைசிப் பிளேன்டியை விட்டுவிடலாம். சலத்தில் இரத்தம், காய்ச்சலோடு எரிவு, முழு அடைப்பு என்றால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாப்பாவைப் பள்ளியிலிருந்து விரட்டியது இவை எதுவுமில்லை, சாறனில் விழுந்த சொட்டு. சலம் போனபின் விதைப்பைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி விரலால் மெல்ல அழுத்தி வந்தால், குழாயில் தேங்கியது வெளியேறிவிடும். அதற்கும் நிற்காமல் எந்நேரமும் கசிகிறவருக்கு ஷாஃபி மத்ஹபில் வழி இருக்கிறது: கழுவித் துணி கட்டி, வக்து வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூ எடுத்து, தாமதிக்காமல் தொழுவது. இது எங்கள் பள்ளி ஆலிமுக்கு நன்றாகத் தெரியும். வாப்பா கேட்கத்தான் இல்லை.