வண்டியும் வழியும் – 9: துளையிட்டவர் அடைக்க வேண்டும்

தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டி வரும்போது எந்த ஜீப்பும் போலீஸ் ஜீப்பாக இருப்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து சாலையெங்கும் வைக்கோல் காயும் தை, மாசி இரவுகளில் திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர்ப் பக்கம் ரோந்து சுற்றும் வண்டியானாலும் சரி, சென்னையின் நெரிசலைப் பிளந்துகொண்டு போகும் வண்டியானாலும் சரி, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண வாகனமாகப் பிறந்து, பிறகுதான் கூரைமேல் சுழல்விளக்கும், முகப்பில் சைரனும், உள்ளே வயர்லெஸ் ஸெட்டும் பொருத்தப்பெற்று அதிகார ரூபம் கொள்கிறது. அந்த இரண்டாம் பிறவியை நடத்திவைக்கிறவர் வாகனத்தைப் படைத்த பொறியாளர் அல்லர். பெரும்பாலும் ஒரு வயரிங் மெக்கானிக்.

இந்த உபகரணங்கள் அநாவசியம் என்று சொல்ல வரவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறி, மின்கம்பங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் சாய்ந்து கிடந்த திருவாரூர் மாவட்டத்தில், வயர்லெஸ் ஸெட்டின் அருமையை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை எப்படிப் பொருத்துகிறோம் என்பதே விஷயம்.

நூறு வாட் சைரன் ஒன்று 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எட்டு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். விளக்கும் வயர்லெஸ்ஸும் அதன்மேல் கூடும். கையில் கிடைத்த மெல்லிய வயரை ஏற்கெனவே ஓடும் கம்பியோடு முறுக்கி இன்ஸுலேஷன் டேப் சுற்றிவிட்டால் அன்றைக்கு விளக்கு எரியும், சைரன் ஊதும், பெற்றுக்கொள்கிறவரும் திருப்தியோடு கையெழுத்திடுவார். அபாயம் அதற்குப் பிறகு, எலிகள் கொழுத்துத் திரியும் அறுவடைக் காலத்தில், நிறுத்திய வண்டிக்குள் புகுந்து வயரின் மேலுறையைக் கடிக்கும் ஓர் இரவில் வெளிப்படும். ஃபியூஸ் காப்பது சைரனை அன்று, அந்த வயரை. ஆகவே அது சைரனுக்குப் பக்கத்தில் அல்ல, பாட்டரிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்கவேண்டும். அடிப்புறம் தொங்கவிட்ட வயரில் வைக்கோல் சிக்கிக்கொண்டால், சூடேறிய புகைக்குழாயின் அருகில் என்ன நேரும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியாததன்று.

மின்சாரத்தைவிட மௌனமான சத்துரு துளை. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வகை ரோந்து வண்டிகளை ஓட்டிய காவலர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் காண, 2017 ஜூலையில் ஏறக்குறைய 400 வண்டிகளை நகரக் காவல்துறை ஒருசேரத் திரும்பப் பெற்றது. விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் வயர் கொண்டுபோக வண்டியின் பின்புறத்தில் துளையிட்டவர்கள் அதைச் சரியாக அடைக்காமல் விட்டதால் எஞ்சின் புகை உள்ளே புகுந்திருக்கலாம் என்று ஃபோர்டு கம்பெனி சொல்லிற்று. கம்பெனி தன்மேல் பழி வராமல் பேசுகிறது என்று அப்போது பலரும் ஐயுற்றது இயல்பே. ஆனால் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நெடுநாள் ஆராய்ந்து 2023 ஜனவரியில் விசாரணையை முடித்தபோது, கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்த போலீஸ் வண்டிகளில் பின்புற மோதலாலோ, உபகரணம் பொருத்தியதாலோ ஏற்பட்ட அடைப்புக் குறையே காரணம் என்று கண்டது. நிறமும் மணமும் அற்ற அந்த வாயுவை, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.ஸி.யில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் எப்படி அறிவார்? துளைக்கு ஒரு ரப்பர் கிராமெட்டும், சுற்றிலும் சிறிது ஸீலண்ட்டும் போதும். கூரையில் இட்ட துளையானால் ஐப்பசி மழைக்கும் அதுவே காப்பு.

நம் நாட்டில் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை 1 முதல் கட்டாயமாகி, பின்னர் பக்கத்து இருக்கைக்கும் விரிந்தது. பொருத்துகிறவர்களின் பழக்கமோ காற்றுப்பையே இல்லாத பழைய ஜீப்பின் காலத்தது. டாஷ்போர்டின் நடுவில் வயர்லெஸ் ஸெட்டை இரும்புப் பட்டையால் முடுக்கிவிடுவது அன்று ஸௌகரியம்; இன்று அதே இடம், கண் இமைக்கும் நேரத்தில் பை வெடித்து விரியும் பாதையாக இருந்தால், அந்த ஸெட் காவலரின் முகத்தை நோக்கி எறியப்படும் ஆயுதம். முன்னால் கம்பீரத்துக்காக மாட்டும் கிராஷ் கார்டும் அப்படியே. மோதலின் அதிர்ச்சியை அது இடைமறித்து, காற்றுப்பையின் உணர்கருவியை ஏமாற்றிவிடக்கூடும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைச் சட்டவிரோதம் என்றே மாநிலங்களுக்கு எழுதிற்று. சட்டம் காக்கிறவர்களின் வண்டியிலேயே அது காணப்பட்டால், பிறரிடம் எந்த முகத்தோடு அபராதம் வசூலிப்பது?

எந்த நிற விளக்கு, எந்தச் சைரன் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108-ஆம், 119-ஆம் விதிகள் வரையறுக்கின்றன. அதில் குழப்பமில்லை. ஆனால் விளக்கின் நிறத்தைப் பார்ப்பவர்கள் அதன் வயர் போகும் வழியைக் குனிந்து பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் பொருளீட்டும் கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில், காவல்நிலைய வண்டிக்கு ஒரு காமிராவோ விளக்கோ வாங்கிக்கொடுக்க எண்ணும் அன்பர்கள் இதைப் படித்தால், சாமானின் விலையோடு முறையாகப் பொருத்தும் கூலியையும் ஒதுக்கி, எந்த வயர் எவ்வழியே செல்கிறது, எந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று வரைந்த ஒரு தாளையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, வண்டியோடு வைத்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.