வேகக் காருக்கு பிரேக் மேம்பாடு
மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் 140-ஐத் தொட்டால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அத்தனையையும் பிரேக் வெப்பமாக்கித் தள்ள வேண்டும். என்ஜின் சக்தியைக் கூட்டியவர்கள் பெரிய டிஸ்க்கைத் தேடுவது இதனால்தான். ஆனால் கடலூர், சிதம்பரம் போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கக்கூடும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் சேர்ந்து, பெடல் அடிவரை அமுங்கிவிடும், கார் நிற்காது.

உப்புக்காற்றால் டிஸ்க்கில் படியும் மெல்லிய துரு நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே போய்விடும். பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் ‘பின்’ துருவேறி இறுகுவதுதான் ஆபத்து. பேடை மாற்றுவதானால், ரேஸ் பேட் சூடேறாமல் சரியாகப் பிடிக்காது. ஊருக்குள் அது வேண்டாம். டயருக்குப் பிடிமானம் இல்லையேல் எவ்வளவு பெரிய டிஸ்க்கும் வீண். ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.