கட்டுரைக்கு எந்தப் பெயர்?

டெங்கிலில் வாழும் மாணவர் ஒருவர், நிறுவனங்கள் தம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இலாபத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடுகிறார் எனக் கொள்வோம். ஊழியர் சேமநிதி பற்றிய செய்திகளை நாளிதழில் படித்துப் பழகியவராயின், ‘இலாப ஈவு’ என்று தட்டச்சு செய்வார். தமிழகத்து மாணவரோ ‘பங்காதாயம்’ அல்லது ‘ஈவுத்தொகை’ என்று தேடக்கூடும்.

‘ஈவு’ என்று மட்டும் தலைப்பிட்டால் என்ன? கணித மாணவர் குழம்பிப் போவார். 17ஐ 5ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2 அல்லவா? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இப்பணத்தைக் குறிக்கும் ‘டிவிடெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல், கணிதத்தில் ஈவைக் குறிப்பதில்லை; வகுபடும் எண்ணையே குறிக்கிறது. அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் இங்கேதான் தடுமாறுகிறார்.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், திருத்தலாம். தலைப்பில் கருத்து வேறுபாடு எழுந்தால், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் காரணங்களை முன்வைத்து விவாதிப்பர். ஒரு பெயரைத் தலைப்பாக்கிய பின், மற்றப் பெயர்களை ‘வழிமாற்று’களாக அமைக்கலாம். எந்தப் பெயரில் தேடினாலும் வாசகர் அதே பக்கத்தை அடைவார். யாருடைய சொல்லும் வீணாவதில்லை.

தலைப்பைவிட உள்ளடக்கத்தைத் திருத்துவதே கடினம். “பங்கு வாங்கினால் ஆண்டுதோறும் ஈவு கிடைக்கும்” என்று ஒருவர் எழுதிவிட்டால், அதை நம்பி ஒரு குடும்பம் தன் சேமிப்பையே பங்குகளில் போட்டுவிடக்கூடும். ஈவு வட்டி போன்றதன்று. கடன் கொடுத்தவருக்கு வட்டி கொடுத்தே தீர வேண்டும். பங்குதாரருக்கோ இலாபம் இருந்தால்தான் ஈவு. இலாபம் வந்தாலும், தொழிலை விரிவுபடுத்த நிறுவனம் அதை வைத்துக்கொள்ளலாம். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, ஈவு வழங்கிய பின்னும் கடன்களைத் தீர்க்கும் நிலையில் நிறுவனம் இருக்க வேண்டும்.

ஊழியர் சேமநிதியின் நிலை வேறு. அதன் வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு வழங்கச் சட்டமே உறுதியளிக்கிறது. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், நிறுவன ஈவுக்குச் சேமநிதியை எடுத்துக்காட்டாகத் தருவது பொருந்தாது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சுட்டலாம். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது, உழைத்தவர்களே உரிமையாளர்களாயினர். ஆயினும், அது கூட்டுறவுச் சங்கம், நிறுவனமன்று என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.