முகத்தைப் பிடித்தேன், குரலையும் பிடிக்கப் பழகுகிறேன்

புகைப்படத் தொழில் ஆண்களுடைய தொழில் என்றே எமது ஊர்களில் இன்னமும் பலர் எண்ணுகின்றனர். கலியாண வீட்டிற்குக் கமெராவுடன் ஒரு பெண் போய் இறங்கினால், "படம் எடுக்கிற தம்பி வரேல்லையோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் பத்து வருடமாகப் படம் எடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. ஆனால் கேள்வி கேட்ட அதே வீட்டில், மணப்பெண்ணை வெளிக்கிடுத்தும் அறைக்குள் முதலில் கூப்பிடப்படுவதும் நான்தான். சாமத்திய வீட்டில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது ஆணொருவர் கமெராவுடன் நிற்பதைப் பல தாய்மார் விரும்புவதில்லை. எனக்குத் தொழில் கிடைத்ததே அவர்களுடைய அந்தக் கூச்சத்தினால்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று சொல்லப்படும் ஹோமாய் வியாரவல்லா 1930களின் பிற்பகுதியில் படம் எடுக்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவருடைய படங்கள் கணவரின் பெயரிலேயே அச்சாகின. 1948 இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தவர் அவர். இந்திய அரசு 2011 இல் பத்ம விபூஷண் விருது கொடுத்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. "தம்பி வரேல்லையோ?" என்று கேட்கும் வீடுகளில் நான் அவரை நினைத்துக்கொள்வதுண்டு.

நாங்கள் 2010 இல் மீள்குடியேறினோம். அப்பா இல்லை. அம்மா, நான், தங்கச்சி, சின்னத் தம்பி. உயர்தரப் பரீட்சை எழுதாமலே 2012 இல் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். அடையாள அட்டைப் படங்களை வெட்டுவது, அல்பங்களுக்குப் பின்னணி போடுவது, மணப்பெண்ணின் நிறத்தை வெளிறச் செய்வது ஆகியவைதான் என் வேலை. "கறுப்பைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ தங்கச்சி" என்று கேட்காத குடும்பம் அரிது. இன்று அந்த வேலையை நான் செய்வதில்லை. வெளிச்சத்தை ஒழுங்காகப் பிடித்தால் எமது நிறம் படத்தில் எவ்வளவு வடிவாக விழும் என்பதைக் காட்டிவிட்டால் கேட்டவர்களே பேசாமல் இருந்துவிடுவார்கள்.

2016 இல் சீட்டு எடுத்த காசில், ஒருவர் பாவித்த கெனன் 600டி கமெரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். அந்தக் காசில் காதுக்கு ஏதாவது செய்வேன் என்று அம்மா எதிர்பார்த்திருந்தார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வாசல் வெளிச்சம்

கமெராவுக்குள் போகும் வெளிச்சத்தைத் தண்ணீர்க் குழாயைப் போல நினைத்துப் பாருங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறோம், கீழே வைத்த வாளி எவ்வளவு பெரிது, இவ்வளவுதான் கணக்கு. லென்ஸின் துளைதான் குழாயின் திறப்பு. அதன் எண் 1.8 என்றால் பெரிய துளை, 8 என்றால் சிறிய துளை. எண் கூடினால் துளை குறையும் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கு மனதில் பதிய எனக்கு ஒரு மாதம் சென்றது. நேரம் என்பது விநாடியின் பின்னம். நடமாடும் ஆளை எடுக்க 125 இல் ஒரு பங்கோ அதிலும் குறைவோ வேண்டும். வாளி என்பது ஐஎஸ்ஓ என்ற உணர்திறன். அதைக் கூட்டினால் வாளி சிறிதாகி, கொஞ்ச வெளிச்சத்திலேயே நிரம்பிவிடும். ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் வரும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கைகொடுத்தது எங்கள் வீட்டு வாசல். வன்னியின் மத்தியான வெயில் தலைக்கு மேலிருந்து விழுவதால் கண் இருக்கும் இடம் குழியாகக் கறுத்துப் போகும். காலையில் எட்டரைக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பின்னும் எடுப்பது நல்லது. பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆளை வாசலுக்கு உட்புறமாக இரண்டு முழம் தள்ளி, வெளியே பார்த்தபடி இருத்துங்கள். முகத்தில் வெளிச்சம் மெதுவாகப் பரவும். பின்னால் வீடு இருட்டாக இருப்பதால் ஒழுங்கில்லாத சாமான்களும் தெரியாது. ஒரு பக்கம் இருண்டால், கலியாணச் சோடனையில் மிஞ்சிய வெள்ளை ரெஜிபோம் மட்டையை அந்தப் பக்கம் யாராவது பிடித்தால் போதும். நீலத் தறப்பாளுக்குள் எடுத்தால் முகம் நீலம் பாயும். அதைக் கணினியில் திருத்துவது பெரும்பாடு, ஆளை வெளியே கூட்டிவருவதுதான் மருந்து. இவ்வளவையும் ஒரு கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டே பழகலாம்.

ஒரேயொரு படம்

சொந்தமாகத் தொழில் தொடங்கிய பின்னர் என்னிடம் அதிகமாக வந்தது, பழைய படத்தைப் பிரதி எடுத்துத் தரும்படியான வேலைதான். 2009 இல் ஒவ்வோர் இடமாக ஓடும்போது அல்பங்களும் எங்களோடுதான் வந்தன. பிறகு ஒவ்வொரு பையாக விட்டுவிட்டு வந்தோம். உடுப்பு, பாத்திரம், கடைசியில் அல்பம். ஆகவே பல வீடுகளில் இறந்தவருக்கோ காணாமற் போனவருக்கோ ஒரேயொரு படம்தான் மிச்சம், அதுவும் அடையாள அட்டை அளவில். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய பின்னர், அந்தச் சின்னப் படங்களைக் கையில் பிடிக்கும் அளவுக்குப் பெருப்பித்துத் தரச் சொல்லிப் பலர் வந்தார்கள்.

இப்படிப்பட்ட படம் உங்களிடமும் இருந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். படம் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்த்து எடுக்கவே வேண்டாம். முகத்தின் நிறம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே பிரதி எடுக்கலாம். லமினேற் பண்ணிய படத்திற்கு நேராக பிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளிதான் வரும். படத்தை மேசையில் வைத்து, கமெராவை அதற்கு நேர் மேலே பிடித்து, வெளிச்சத்தை இரு பக்கமும் சரிவாக விழவிட வேண்டும். இரண்டு யன்னலுக்கு நடுவில் வைத்தாலே போதும். சேலைத் தலைப்பு நிறமானதென்றால் அதுவும் பளபளப்பில் தெரியும். அதனால் நான் கறுத்தத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு எடுப்பேன்.

ஒருமுறை, மகனின் படத்தோடு வந்த ஒரு அம்மா கேட்டார்: "பிள்ளை, அவனுக்கு இப்ப முப்பத்தாறு வயசு. இதிலை பத்தொன்பது. இப்ப இருக்கிற மாதிரி மாத்தித் தர ஏலுமோ?"

அதைச் செய்யும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. நான் செய்து கொடுக்கவில்லை. வருவது கணினி ஊகித்த ஒரு முகம். அதைப் பார்த்துப் பார்த்து, கையிலிருக்கும் உண்மையான முகம் அந்தத் தாயின் மனதிலிருந்து அழிந்துபோனால் யார் பொறுப்பு? இதை அவரிடம் விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப என்னை எடு. கதைக்கிறதாய் எடு. நான் இல்லாத காலத்திலை அவன் வந்தால் காட்டலாம்" என்றார்.

நான் வீடியோவைக் கையில் எடுத்தது அப்படித்தான். பதில் கிடைக்காமலே கண்ணை மூடிய தாய்மார் ஏற்கனவே பலர். அவர் கேட்டதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட முடியாது.

வீடியோ வேறு தொழில்

கலியாண வீடியோ எப்படி எடுப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிற்கும் மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். அங்கே குரலுக்கு வேலையில்லை. இங்கேயோ குரல்தான் எல்லாம். ஆகவே முதலில் சத்தத்தைப் பழகினேன். கமெராவிலிருக்கும் மைக் தூரத்துக் காகத்தையும் பக்கத்து வீட்டு மோட்டரையும் சேர்த்தே பிடிக்கும். மலிவான வழி ஒன்று இருக்கின்றது. கைத்தொலைபேசியில் குரல் பதிவைப் போட்டு, பேசுபவரின் மடியிலோ நெஞ்சுக்குக் கிட்டவோ வைக்க வேண்டும். தொடங்கும்போது கமெராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டினால், பிறகு கணினியில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்தலாம். மின்விசிறியை நிற்பாட்ட வேண்டும். தகரக் கூரையில் மழை தொடங்கினால் அன்றைக்கு வேலை முடிந்தது.

படத்திற்குச் சில கணக்குகள் உண்டு. வீடியோ என்பது விநாடிக்கு 25 படம் ஓடுவது. எமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், ரியூப் லைற் வெளிச்சத்தில் எடுக்கும்போது கமெராவின் வேகத்தை 50 இல் ஒரு பங்கில் வைக்காவிட்டால் படம் முழுவதும் கோடு கோடாக அசையும். என் கமெரா ஒரே மூச்சில் 12 நிமிடம்தான் ஓடும். 4 ஜிபி நிரம்பியதும் தானாக நின்றுவிடும். ஒரு மணித்தியாலத்திற்கு ஏறக்குறைய 20 ஜிபி போகும்.

12 நிமிடக் கணக்கை அந்த அம்மாவிடம் முதலே சொல்லிவைத்தேன். "அப்ப சுருக்கமாச் சொல்லுறன்" என்றவர் மூன்று தரம் கமெரா நின்று மீண்டும் தொடங்கும்வரை கதைத்தார். என்ன கதைத்தார் என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவருடைய மகனுக்கு. ஒன்றை மட்டும் எழுதச் சம்மதித்தார். வீட்டுத்திட்ட வீடு புதிதென்றாலும் திறப்பு பழைய இடத்தில்தான் இருக்கின்றது என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறார்.

கதைத்து முடிந்தபின், அவர் மத்தியானத்துக்குப் பிட்டுக் குழைப்பதையும் எடுத்தேன். ஒவ்வொரு காட்சியையும் கமெராவை அசைக்காமல் பத்து விநாடியாவது பிடிக்கப் பழக வேண்டும். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரியும். ஒரு படத்தில் அந்தக் கை வெறும் கைதான். அது மாவை உதிர்த்து, தண்ணீர் தெளித்து, மறுபடி உதிர்க்கும் விதத்தைப் பார்த்தால் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாருடைய கை என்று சொல்லத் தேவையில்லை. வீடியோவின் பயன் எனக்கு விளங்கிய இடம் அதுதான். வெட்டும்போது, அவர் பேசாமல் இருந்த இடங்களை வெட்டவில்லை. பாட்டும் போடவில்லை.

படம் யாருடையது?

2009 இல் எனக்கு 17 வயது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்ற என்னைப் பலர் படம் எடுத்திருக்கிறார்கள். வாகனத்தில் வந்து இறங்கி, எடுத்து, ஏறிப் போவார்கள். ஒருவரும் பெயர் கேட்கவில்லை, எடுக்கலாமா என்றும் கேட்கவில்லை. தலை இழுக்காமல், மாற்ற உடுப்பில்லாமல் நின்ற அந்தப் பெண் எந்த நாட்டில் எந்த அறிக்கையின் அட்டையில் இருக்கிறாளோ? நான் இன்றுவரை அந்தப் படங்களில் ஒன்றைத்தானும் காணவில்லை.

இது புதிய விடயமும் இல்லை. உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கமெரோன் 48 வயதில்தான் முதன்முதலாகக் கமெராவைத் தொட்டவர். இங்கே கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875 இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்தார். 1879 இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். 48 வயதில் தொடங்கியவர் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனால் இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினுக்கும் கவிஞர் டெனிசனுக்கும் பெயர் இருக்கின்றது. இலங்கையில் எடுத்த தோட்டத் தொழிலாளர்களிலும் கிராமத்தவர்களிலும் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. 1878 ஆம் ஆண்டுப் படமொன்றின் தலைப்பே 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற கருத்தில்தான் இருக்கின்றது.

அதனால் நான் சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். கமெராவை வெளியே எடுக்கும் முன்னர், இந்தப் படம் யார் யார் பார்ப்பதற்கு என்று கேட்பேன். எடுத்ததை அவருக்கே முதலில் காட்டுவேன். வேண்டாம் என்ற துண்டை அவருக்கு முன்னாலேயே அழிப்பேன். முகநூலில் போடுவதில்லை. பெயரை முழுமையாக எழுதி வைப்பேன், ஆனால் அவர் சொல்லாமல் வெளியே சொல்லமாட்டேன். சகோதரிகளே, உங்களைப் படம் எடுக்க யாராவது வந்தால், உதவி செய்யும் நிறுவனமென்றாலும் சரி, இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு வரவேண்டிய உதவி நின்றுபோக வேண்டியதில்லை.

வயிற்றுப்பாட்டிற்கு இப்போதும் கலியாண வீடும் பிறந்தநாளும்தான். அம்மாமாரின் பதிவுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் காசு வாங்காமல் செய்கிறேன். இதுவரை ஐந்து பேர். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. ஒன்று அவரவர் வீட்டில், ஒன்று என்னிடம், ஒன்று யாழ்ப்பாணத்திலிருக்கும் தங்கச்சி வீட்டில். ஒரு இடத்தில் மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் அல்பங்களுக்குத் தெரியும்.

ஆறாவது அம்மா வருகிற ஞாயிறு பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறார். தலைமுழுகி, மகனுக்குப் பிடித்த பச்சைச் சேலையோடு இருப்பாராம். வாசல் மேற்குப் பார்த்தது. நாலரைக்குப் போனால் வெளிச்சம் சரியாக இருக்கும்.