பேர் வெட்டினாலும் வைத்தியம் வெட்டுப்படாது

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி வரும்: "செக்றோல்ல பேர வெட்டிட்டாங்க. இனி வருத்தம் வந்தா எங்க போறது?"

நகரத்துக் கம்பனியில் வேலை போனால், கம்பனி எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்புறுதியும் போய்விடும். தோட்டத்திலோ வேலைதான் காப்புறுதி. நோயாளரைக் கவனிக்கும் பொறுப்பை 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. நாட்டின் ஏனைய இடங்களில் அரசு இலவச வைத்தியம் வழங்கியபோதும் தோட்டத்து மக்கள் டிஸ்பென்சரியையே நம்பியிருந்தார்கள். வைத்தியம் என்பது துரை தரும் சலுகை என்ற எண்ணம் இப்படித்தான் ஊறிப்போனது.

ஆனால் அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறப் பேர்ப்பதிவு தேவையில்லை. பதுளை போதனா வைத்தியசாலையாக இருந்தாலும், பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையாக இருந்தாலும் அது உங்கள் உரிமை. பிரஷர், சீனி வருத்தம் போன்றவற்றுக்கு டிஸ்பென்சரியில் மருந்து எடுப்பவர்கள், வேலையை விடுமுன் மருந்து விபரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டி அரச கிளினிக்கில் பதிந்து கொப்பி எடுத்தால் மருந்து இடையில் நிற்காது. அவசரத்துக்குத் தோட்ட லொறியை எதிர்பார்க்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வேலையோடு உண்மையில் கைவிட்டுப் போவது வேறொன்று. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மாதம் 3 வீதம் கட்டுகிறார். அந்த நிதியம் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை ஆகியவற்றுக்கு உதவி தருகிறது. ஆனால் அது பங்களிப்பு நடந்துகொண்டிருக்கும் உறுப்பினருக்குத்தான். சிகிச்சை தேவையென்று வைத்தியர் சொல்லியிருந்தால், பேர் வெட்டுப்படுமுன் விசாரித்துவிடுங்கள். கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர்களுக்காக இந்தப் பங்களிப்பு கட்டப்படாவிட்டால் இந்த உதவியும் இல்லை.

வேலை போனபின் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. 5 வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்க வேண்டும். அதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதென்று வைத்தியர்கள் உறுதிப்படுத்தினால் வயதுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பணம் வராவிட்டால் பதுளைத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஊர் மாறினாலும் சேமலாபக் கணக்கு அழியாது. உறுப்பினர் போரில் இறந்திருந்தால் அவர் நியமித்தவரோ சட்டபூர்வ வாரிசோ கேட்கலாம். அப்பாவோ அம்மாவோ வேலை செய்த தோட்டத்தின் பெயரும் பழைய சம்பளத் துண்டும் வீட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.