முத்திரையும் திறவும்: படைத்துறைக் கணிப்பொறிகளின் பாதுகாப்பு

மட்டாஞ்சேரி வணிகர்கள் முற்காலத்தில் உண்டியல் சீட்டை ஏற்குமுன் இரண்டினை ஆராய்வது வழக்கம். கையொப்பம் உரியவருடையதுதானா? அவருக்காக உறுதி கூறுபவர் நம்பத்தக்கவரா? கொச்சியிலேயே அமைந்துள்ள தென் கடற்படைக் கட்டளையகம் போன்ற படைத்துறை நிலையங்களின் கணிப்பொறிகளுக்கும் இவ்விரு வினாக்களே இன்று அடிப்படையாகும்.

அட்டையின் பணி

கடவுச்சொல் ஒன்றே போதாது. அதனைப் பிறர் கண்டோ கேட்டோ அறிந்துவிடலாம். எனவேதான் நுழைவு அட்டை தேவைப்படுகிறது. அதில் பதிக்கப்பெற்ற சில்லு ஒரு சிறு கணிப்பொறியே எனலாம். அதனுள் மறைத்திறவு ஒன்று உள்ளது. அதற்கு இணையான பொதுத்திறவு சான்றிதழில் இடம்பெறுகிறது. பணியாளர் அட்டையைச் செருகி, தமது இரகசிய எண்ணை அளிக்கிறார். கணிப்பொறி அவ்வேளையில் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கி அனுப்புகிறது. சில்லு அதனை மறைத்திறவால் ஒப்பமிட்டுத் திருப்புகிறது. பொதுத்திறவைக் கொண்டு அவ்வொப்பம் சரிபார்க்கப்படுகிறது. மறைத்திறவு அட்டையை விட்டு வெளியேறுவதில்லை. எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஆதலின் ஒட்டுக்கேட்பவர் அடையும் பயன் ஏதுமில்லை.

சான்றிதழின் பணி

ஒரு பொதுத்திறவு இன்னாருக்கே உரியது என உறுதி கூறுவது சான்றிதழ். அதனை வழங்கும் அமைப்பு தனது ஒப்பத்தையும் அதில் இடுகிறது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ், சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் இதற்கான உரிமத்தை வழங்குகிறார். இந்திய விமானப் படையும் இவ்வுரிமம் பெற்றுள்ளது. அமெரிக்கப் படைத்துறை வழங்கும் ‘காமன் ஆக்சஸ் கார்டு’ இம்முறையில் இயங்கும் அட்டைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

அட்டை தொலைந்தால், அதன் சான்றிதழ் நீக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்க்கப்படும். ஆனால் இழப்பை உடனே தெரிவித்தால்தான் இது நிகழும். பணியாளரின் பொறுப்புணர்வும் இம்முறையின் ஓர் உறுப்பாகும்.

கொச்சி தரும் பாடம்

கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவாகிவந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் கணிப்பொறிகளிலிருந்து நினைவகங்கள் முதலிய உறுப்புகள் களவுபோனது 2019ஆம் ஆண்டில் தெரியவந்தது. தேசியப் புலனாய்வு முகமை விசாரணை நடத்தி, அங்கு ஒப்பந்தத் தொழிலாளராயிருந்த இருவரை 2020இல் கைது செய்தது. கப்பல் 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்க்கப்பெற்றது.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. அட்டை காப்பது கணிப்பொறியின் வாயிலை மட்டுமே. தகவல் தேங்கிய தகட்டையே கழற்றி வேறொரு பொறியில் பொருத்துபவர் அவ்வாயிலுக்கு வருவதேயில்லை. எனவே தகட்டிலுள்ள தகவலும் மறைகுறிகளாக மாற்றப்பட்டிருத்தல் வேண்டும். அதற்குரிய திறவு தகட்டோடு சேர்ந்து கிடைத்தலும் ஆகாது. கருவிகளை எண்ணிப் பதிவதும், வந்து செல்வோரைக் கண்காணிப்பதும் பழைய முறைகளே. எனினும் அவை இல்லாதபோது மிக நுட்பமான சான்றிதழும் திறந்த பின்வாசலுக்கு இட்ட முன்வாசற் பூட்டாகவே முடியும். பாதுகாப்புக் கருவிகளை வாங்கும் அலுவலர்கள், அவற்றைப் பேணும் ஒழுங்கிற்கும் அதே அளவு கவனம் செலுத்துதல் இன்றியமையாதது.